பழைய புகைப்படங்கள், குடும்ப நினைவுப் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெரியவர் ஒருவர் மறைந்த பிறகோ வீடு மாற்றும்போதோதான் பெரும்பாலும் பழைய பெட்டிகள் திறக்கப்படுகின்றன. இரண்டுமே மனம் கலங்கியிருக்கும் அவசர நேரங்கள். அப்போது செய்யும் சில காரியங்களைப் பிறகு திருத்தவே முடியாது. ஆகவே அந்த நேரம் வருமுன் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் திறந்தாயிற்று. முதல் வேலை என்ன?

எதையும் பிரிக்காமல், துடைக்காமல், இருந்தது இருந்தபடியே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புகைப்படம் எந்தக் கடிதக் கட்டுக்குள் இருந்தது, எந்த மோதிரம் எந்தக் காகிதத்தில் சுற்றியிருந்தது என்பதெல்லாம் தகவல்கள். அடுக்கியவர் ஏதோ ஒரு காரணத்தோடுதான் அப்படி அடுக்கியிருப்பார். கலைத்துவிட்டால் அந்தக் காரணத்தை யாராலும் மீட்க முடியாது.

அன்றே எல்லாவற்றையும் தரம்பிரித்து முடித்துவிட வேண்டும் என்ற வேகம் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். குப்பைக்கென்று ஒரு குவியலை முதல் நாளிலேயே தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நல்ல பெட்டி வாங்குவதா, ஸ்கேன் செய்வதா, பெயர் எழுதுவதா? எது முதலில்?

பெயர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நன்றாக அச்சிடப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம், உலர்ந்த இருட்டு அலமாரியில் நூறாண்டு தாக்குப்பிடிக்கும். அதில் இருப்பவர் இன்னார் என்று தெரிந்த கடைசி ஆள் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். அவர் போன மறுநாளே அது முன்பின் தெரியாதவர்களின் படமாகிவிடும். பழம்பொருள் சந்தைகளில் கட்டுக்கட்டாக விலைபோகும் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை இப்படிப் பெயர் இழந்து வந்தவைதாம். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்த வீடு ஒன்று இருந்திருக்கும். எழுதி வைக்கத்தான் யாருக்கும் நேரம் வாய்த்திருக்காது.

ஆகவே வீட்டில் மூத்தவர் எவரோ, அவரிடம் முதலில் போங்கள். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குவியலை முன்னால் கொட்டி, "இது யார், அது யார்" என்று விசாரித்தால் சற்று நேரத்தில் சலித்துவிடுவார். ஒரே ஒரு படத்தைக் கையில் கொடுங்கள். பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் தாருங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். முகங்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஓரங்களில் இருப்பதைக் கேளுங்கள்: இந்த நாற்காலி யார் வீட்டுடையது? பின்னால் தெரியும் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? படம் எடுத்தவர் யார்? இந்தப் பெண் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் பை என்ன? முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாத பாட்டிக்கு, நாற்காலியின் கதை நினைவுக்கு வரும். அந்தக் கதையின் நடுவில் பெயரும் வந்து விழும்.

குரல் பதிவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பின்னால் குழப்பம் இருக்காது. இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதுங்கள். "அத்தை" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு அத்தை என்பது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. முழுப் பெயர், உறவு, ஊர், உத்தேச ஆண்டு. உத்தேசம் என்றால் உத்தேசம் என்றே குறியுங்கள்.

படத்தின் பின்புறம் எதனால் எழுதலாம்?

பழைய காகிதப் படங்களுக்கு மென்மையான பென்சில். படத்தை உறுதியான, சுத்தமான மேசையில் முகம் கீழாகக் கிடத்தி, ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். அழுத்தினால் எழுத்து மறுபக்கம் புடைத்துத் தெரியும், அது முகத்தின் மேல் விழுந்தால் இன்னும் கொடுமை. பந்துமுனைப் பேனாவின் மை ஊறிப் பரவும். படங்களை அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

1970 வாக்கிலிருந்து வந்த படங்களின் பின்புறம் பிளாஸ்டிக் பூசியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். அதில் பென்சில் பிடிக்காது. படத்தை வைக்கும் காகித உறையின் மேல் எழுதிவிட்டு, அதன்பின் படத்தை உள்ளே வையுங்கள்.

எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடையையும் தலைமுடியையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏமாற்றும். வயதானவர்கள் தங்கள் இளமைக் காலத்து உடையையே உடுத்தியிருப்பார்கள். ஸ்டூடியோவில் இரவல் கோட்டும் கிடைத்திருக்கும். படத்தின் உடம்பைப் பாருங்கள், அது எதனால் ஆனது என்று.

கண்ணாடி போல முகம் காட்டும் உலோகத் தகடு, ஒரு கோணத்தில் சாய்த்தால்தான் உருவம் தெரிகிறது என்றால் அது டாகெரோடைப். வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் உருவம் பதிக்கும் இந்த முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1860 வாக்கில் வழக்கொழிந்தது. அதன் மேற்பரப்பை ஒரு முறை துணியால் துடைத்தால் உருவமே போய்விடும். தொடவே தொடாதீர்கள். கறுப்பாக, மெல்லியதாக, காந்தம் ஒட்டும் தகடாக இருந்தால் அது டின்டைப். பெயரில் தகரம் இருந்தாலும் அது இரும்புத் தகடு. 1856-இல் காப்புரிமை பெற்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புழங்கியது.

மெல்லிய காகிதத்தில் அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டிய, மஞ்சள்-பழுப்பு நிறப் படம் பெரும்பாலும் ஆல்புமன் வகை. முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசிய காகிதம் அது, 1850-இல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய அட்டைப் படங்களுக்கு டிஸ்டெரி என்ற பிரெஞ்சுக்காரர் 1854-இல் காப்புரிமை பெற்றார். அந்த அட்டைகளின் பின்புறம் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் அழகான எழுத்தில் இருக்கும். அந்த முகவரியில் அந்த ஸ்டூடியோ எந்த ஆண்டுகளில் இயங்கியது என்று பழைய வணிகக் கையேடுகளில் தேடினால் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம்.

இருபதாம் நூற்றாண்டுப் படங்களுக்கு ஓரங்கள் உதவும். நெளிநெளியாகக் கத்தரித்த வெள்ளை ஓரம் 1930-களிலிருந்து 1950-கள் வரை பெரிதும் வழக்கில் இருந்தது. சதுரமான சிறிய கலர்ப் படம் என்றால், 1963-இல் வந்த இன்ஸ்டமாட்டிக் கேமராவின் காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சில படங்களின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அது படம் கழுவி அச்சிடப்பட்ட நாள், எடுத்த நாள் அன்று. பிலிம் சுருள் முடியும்வரை கேமராவிலேயே மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். மழைக்காலத்துத் தேதியிட்ட படத்தில் கோடை வெயில் அடிப்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

படத்தின் கறுப்புப் பகுதிகள் சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளியாக மின்னுகின்றன. அழுக்கா?

இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு, மிக நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. காற்றிலுள்ள மாசும் ஈரமும் தாக்கும்போது அந்த வெள்ளி மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து படிகிறது. துடைத்தால் படத்தையே துடைக்கிறீர்கள். அப்படியே விட்டுவிடுங்கள். அது படம் பழையது என்பதற்கு ஒரு நல்ல அடையாளமும்கூட.

கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாக இருக்கின்றன. பின்னால் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்துபோய்விட்டன. ஏன்?

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது உலோகம். கலர்ப் படத்தில் இருப்பவை மூன்று சாயங்கள். அந்தக் காலத்துப் பல கலர்க் காகிதங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கியது. அது குறையக் குறைய மற்ற இரண்டும் மேலோங்கிப் படம் சிவக்கிறது. இதைத் தடுக்க முடியாது. குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் வேகம் குறையும். எனவே ஸ்கேன் செய்யும் வரிசையில், தாத்தாவின் கம்பீரமான கறுப்பு வெள்ளைப் படத்தை விட 1970-களின் சாதாரணக் கலர்ப் படங்களுக்குத்தான் முதலிடம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்லைடுகளின் சட்டத்தில் கோடாகுரோம் என்று அச்சிட்டிருந்தால், 1935-இல் அறிமுகமான அந்த வகை பிலிம் இருட்டில் வைத்திருந்தால் நிறத்தை வியக்கத்தக்க அளவு காப்பாற்றும். புரொஜெக்டரில் போட்டு நெடுநேரம் ஓட்டினால்தான் மங்கும்.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படங்களை எடுக்க வேண்டுமா?

வேண்டும், கூடிய சீக்கிரம். பசைக் கோடுகள் போட்ட அட்டை, மேலே உரித்து ஒட்டும் பிளாஸ்டிக் தாள் என்று இருக்கும் ஆல்பங்கள் படங்களுக்குப் பெரிய எதிரி. பசை ஆண்டுக்கு ஆண்டு இறுகும். பிளாஸ்டிக் தாள் பிவிசி வகையாக இருந்தால், அது சிதையும்போது வெளிவரும் வாயுவும் பிசுபிசுப்பும் படத்தைத் தாக்கும்.

ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுப் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். யார் பக்கத்தில் யாரை ஒட்டினார்கள், கீழே என்ன எழுதினார்கள் என்பது ஆல்பம் செய்தவரின் குரல். பிறகு பிளாஸ்டிக் தாளை மெதுவாக உரித்துவிட்டு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலை ஒரு முழம் எடுத்து, இரு முனைகளையும் விரல்களில் சுற்றி, படத்தின் மூலைக்கு அடியில் நுழையுங்கள். அட்டையை ஒட்டினாற்போல் நூல் கிடக்க வேண்டும். இடமும் வலமுமாக, ரம்பம் அறுப்பதுபோல மிகச் சிறிய அசைவுகளில் உள்ளே செலுத்துங்கள். பசைக் கோட்டைத் தொடும்போது கை உணரும். அங்கே வேகத்தைக் குறையுங்கள். படத்தின் மூலையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். வளைந்தால் மேல்பூச்சு வெடிக்கும், அந்த வெடிப்பு போகாது. நூல் நகரவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து, அதன் வழியாகவே நல்ல நகல் எடுங்கள். புதிதாகச் சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரில் மாட்டுவது நகலாக இருக்கட்டும். அசலுக்கு வெளிச்சம் வேண்டாம்.

எந்த இடத்தில், எதற்குள் வைப்பது?

மனிதர்கள் வசதியாக இருக்கும் இடமே படங்களுக்கும் வசதி. பரண் வெயிலில் காயும். தரைக்கு அடியில் உள்ள அறையில் ஈரம் ஏறும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை அலமாரிக்குள் வைத்தால் ஊகத்துக்கு இடமில்லை.

உறைகள் அமிலமற்ற காகிதமாகவோ, பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், பாலித்தீன் வகை பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். புதுச் செருப்பு, மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் வேண்டாம். அது பெரும்பாலும் பிவிசி. வாங்கும்போது ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா என்று பாருங்கள். உறைப் பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பதற்கென்றே அமைந்த சோதனை அது. ரப்பர் வளையம், குண்டூசி, கிளிப், செலோடேப் எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

பூச்சி வராமல் அந்துருண்டை போடலாமா?

புகைப்படங்களோடு வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் சில பூச்சுகளையும் கெடுக்கும்; உங்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை. சுத்தமும் உலர்ந்த காற்றும், அவ்வப்போது திறந்து பார்ப்பதும் இராமபாணப் பூச்சியை விரட்டப் போதும்.

படங்கள் இருக்கும்போது நெகட்டிவ் எதற்கு? தூக்கிப் போடலாமா?

கூடவே கூடாது. படம் என்பது நெகட்டிவின் ஒரு நகல்தான். மங்கிப்போன படத்தில் தெரியாத நுணுக்கம் நெகட்டிவில் பல சமயம் அப்படியே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். எரியும்போது தானே ஆக்சிஜனையும் உண்டாக்கிக்கொள்வதால் தண்ணீரிலும் அணையாது. கோடாக் நிறுவனம் அதன் தயாரிப்பை 1951-இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய நெகட்டிவ்களின் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் இல்லையென்றால், வெப்பத்துக்குத் தூரமாக வைத்து, ஆவணக் காப்பகம் ஒன்றின் ஆலோசனையைக் கேளுங்கள். வீட்டில் எடுத்த 8, 16 மி.மீ. திரைச் சுருள்களைப் பற்றி இந்தப் பயம் வேண்டியதில்லை; அவை பாதுகாப்பான பிலிமில் வந்தவை. இரண்டாவது, டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும், பக்கத்துச் சுருளையும் தொற்றும். அதைப் பிரித்து வைத்து, முதலில் அதை நகலெடுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

ஏறக்குறைய 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், அதற்குள் செயல்பட வேண்டும். ஒட்டிக்கொண்ட படங்களை உலரவிடாதீர்கள். உலர்ந்தால் கல்லாக இறுகிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டால் பல படங்கள் தாமாகப் பிரியும். மேற்பரப்பைத் தேய்க்காமல் சேற்றை அலசி, முகம் மேலாக உறிஞ்சும் காகிதத்தின்மேல் தனித்தனியாகப் பரப்பி, நிழலில் காற்றாட விடுங்கள். வெயில் வேண்டாம், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

நிறைய இருக்கிறது, கை போதவில்லை என்றால் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் இட்டு உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். உறைந்துவிட்டால் அவசரம் தீர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களையும் உலோகத் தகட்டுப் படங்களையும் மட்டும் உறையவைக்காதீர்கள்.

ஸ்கேன் எந்த அளவில் செய்ய வேண்டும்?

காகிதப் படங்களுக்கு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள். 4-க்கு 6 அங்குலப் படம் 2400-க்கு 3600 புள்ளிகளாக வரும். இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. 35 மி.மீ. நெகட்டிவ் வெறும் 24-க்கு 36 மி.மீ. தான், அதற்கு 2400-க்குக் குறையாமல் வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலராகவே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பும் கறையும் அதன் வரலாறு. பின்புறத்தில் ஏதேனும் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள்.

மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்து, அனுப்புவதற்கு ஜேபெக் நகல் எடுப்பது முறை. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் இழக்கும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறொரு வீட்டில். கோப்பின் பெயரில் ஆண்டும் ஆட்களின் பெயரும் இருக்கட்டும். கேமரா தானாக இட்ட எண்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடந்தால், பழைய பெட்டியின் குழப்பம் அப்படியே கணினிக்குள் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கேன் செய்த பிறகு அசல் வேண்டுமா?

வேண்டும். கடவுச்சொல் மறந்தால், சாதனம் பழுதானால் ஸ்கேன் இல்லை. அசலைப் பார்க்க மின்சாரம்கூட வேண்டாம். இன்னொன்றும் உண்டு: தேய்ந்த மூலை, விரல் பட்ட இடம், யாரோ ஒருவர் பணப்பையில் மடித்து வைத்திருந்த மடிப்புக் கோடு. இந்தப் படத்தை யார் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பழைய முகங்களைத் தெளிவாக்கித் தருகின்றனவே?

அவை பழைய முகத்தைத் தெளிவாக்கவில்லை. அந்த இடத்தில் இருக்கக்கூடிய ஒரு முகத்தை வரைகின்றன. மங்கிய படத்தில் கண் இருந்த இடத்தில் சாம்பல் புள்ளிகள்தாம் இருந்தன என்றால், செயலி தரும் கண் உங்கள் கொள்ளுப்பாட்டியின் கண் இல்லை. கலர் சேர்ப்பதும் அப்படியே: அவர் உடுத்தியிருந்தது பச்சையா அரக்கா என்று செயலிக்குத் தெரியாது. பார்த்து மகிழ்வதற்குச் செய்துகொள்ளுங்கள், தவறே இல்லை. ஆனால் கோப்பின் பெயரிலேயே "செயலியால் மாற்றப்பட்டது" என்று எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த தலைமுறை அந்தப் பொய் முகத்தைத்தான் பாட்டி என்று நம்பும். இதை நான் அற்பமான விஷயமாக நினைக்கவில்லை.

பழைய படங்களை லேமினேட் செய்யலாமா?

வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது.

கடிதங்கள், நாட்குறிப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

மடித்ததை விரித்து, தட்டையாக, அமிலமற்ற உறையில் வையுங்கள். கடிதம் வந்த அஞ்சல் உறையைத் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் இல்லாத தேதி அஞ்சல் முத்திரையில் இருக்கும். எழுத்து பழுப்பாக மாறி, கோடுகள் நெடுகக் காகிதம் பொடிந்திருந்தால் அது இரும்பு கலந்த மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பரவலாகப் புழங்கிய அந்த மை தன் அமிலத்தால் காகிதத்தைத் தின்கிறது. அதன்மேல் ஈரம் படவே கூடாது. விரித்து மடிப்பதையும் குறையுங்கள். செய்தித்தாள் துணுக்குகளைத் தனியாக வையுங்கள். அவை மஞ்சளாகி, தொட்டுக்கொண்டிருக்கும் கடிதத்தையும் மஞ்சளாக்கும்.

எழுதியவர் மறைந்திருந்தாலும், கடிதத்தில் வருபவர்கள் உயிரோடு இருக்கலாம். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

கறுத்துப்போன வெள்ளி, பித்தளை, வெண்கலப் பொருட்களைப் பளபளப்பாக்கலாமா?

பயன்படுத்தும் பொருளென்றால் மென்மையாகத் துடையுங்கள். நினைவுப் பொருளென்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியின் கறுப்பு, கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். மெருகு போடும்போது அந்தப் படலத்தோடு வெள்ளியும் போகிறது. ஒவ்வொரு தடவையும் போவது சொற்பம்தான். பல தலைமுறை தேய்த்த பின் பொறித்திருந்த பெயரே மழுங்கிவிடும். அலுமினியத் தாளையும் சமையல் சோடாவையும் வெந்நீரில் போட்டு அமிழ்த்தும் முறை வேலை செய்யும், ஆனால் செதுக்கலின் பள்ளங்களில் கலைஞன் வேண்டுமென்றே விட்ட கறுப்பையும் எடுத்துவிடும். கல் பதித்தது, பசையால் ஒட்டியது, உள்ளே கூடானது எதையும் அதில் போடாதீர்கள்.

ரப்பர், கம்பளி, செய்தித்தாள் இவற்றில் வெள்ளியைச் சுற்றக் கூடாது. மூன்றிலும் கந்தகம் உண்டு. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது அழகான பச்சைப் படிவு இல்லை, உப்பால் வரும் அரிப்பு. அதை உலர்ந்த இடத்துக்கு மாற்றி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பழைய பட்டு, கம்பளி, குழந்தை உடைகள்?

மடிப்பு விழும் இடத்தில்தான் துணி முதலில் கிழியும். பெரியவற்றை அமிலமற்ற காகிதம் சுற்றிய உருளையில் சுருட்டுங்கள்; மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். வலுவிழந்த துணியை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், அதன் எடையே அதைக் கிழிக்கும். அந்துப்பூச்சியின் புழு அரித்த தடயம் இருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, -18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பின் திறந்தால்தான் துணியில் ஈரம் படியாது.

தாத்தாவின் கைக்கடிகாரம் ஓடவில்லை. திறந்து பார்க்கலாமா?

சாவியை வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். பெரும்பாலும் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் பற்சக்கரம் தேயும்.

முகப்பின் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிரும் வகை என்றால் திறக்கவே வேண்டாம். 1960-கள் வரை அந்த ஒளிப்பூச்சில் ரேடியம் சேர்த்தார்கள். இப்போது ஒளிரவில்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. ஒளிர்வது நின்றதற்குக் காரணம் அதில் கலந்த துத்தநாக சல்ஃபைடு கெட்டுப்போனதுதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள், அது அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி உடையாமல், பெட்டிக்குள் இருக்கட்டும். உதிர்ந்த பூச்சின் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

கேசட்டுகளும் வீடியோ நாடாக்களும் பத்திரமாகத்தானே இருக்கின்றன?

எல்லாவற்றையும் விட அவசரம் இவற்றுக்குத்தான். காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஓட்டுவதற்குக் கருவி இல்லை: விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை விரைந்து மின்னணு வடிவுக்கு மாற்றும்படி 2019-இல் யுனெஸ்கோவே எச்சரித்தது. புகைப்படம் காத்திருக்கும். பாட்டியின் குரல் இருக்கும் நாடா காத்திருக்காது.

உடன்பிறந்தவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது?

புகைப்படங்களில் சண்டை தேவையில்லை; நல்ல நகல் எல்லோருக்கும், அசல்கள் மொத்தமும் பராமரிக்கக் கூடிய ஒருவரிடம். ஆல்பத்தைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போவது மோசமான தீர்வு. பொருட்களைப் பொறுத்தவரை, பங்கிடுவதற்கு முன்பே யாருக்கு எதன்மேல் ஏன் ஆசை என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இருவர் ஒன்றையே கேட்பார்கள் என்று பயப்படுவோம். படித்துப் பார்த்தால் ஒருத்தி கேட்டிருப்பது வெள்ளிக் கிண்ணத்தை, இன்னொருவன் கேட்டிருப்பது கைப்பிடி உடைந்த கரண்டியை. இதைப் பெரியவர்கள் இருக்கும்போதே செய்வது மேல். அவர்களே எடுத்துக் கொடுக்கும்போது பொருளோடு கதையும் கைமாறுகிறது.

இவற்றுக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருக்கும்?

பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. விலையைத் தீர்மானிப்பவை அரிதா என்பது, நிலைமை, யாரிடமிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். மதிப்பிடுவதற்கு முன் மெருகிடுவதோ வார்னிஷ் பூசுவதோ விலையைக் குறைக்கும். வாங்க வருபவரே மதிப்பிடவும் செய்தால் அந்தத் தொகையை நம்பாதீர்கள். தனியாகக் கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளரைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை. எதை விடலாம்?

ஒரே காட்சியின் மங்கலான, குலுங்கிய படங்களை விடலாம். ஆளே இல்லாத இயற்கைக் காட்சிகளை, பழைய கட்டண ரசீதுகளை விடலாம். ஆனால் வீட்டின் வாசல், சமையலறை, தெரு ஆகியவை பதிவான படங்களை விடாதீர்கள். அன்றாட வாழ்க்கையை யாரும் வேண்டுமென்று படம் எடுத்ததில்லை, அதனால் அவை அரிது. பெரிய மரச்சாமான்களை வைக்க முடியாவிட்டால், நல்ல படம் எடுத்து, கதையை எழுதி, அதை நேசிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

யாரென்று தெரியாதவர்களின் படங்களைக் கடைசியாக ஒரு சுற்று உறவினர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். ஊர், தொழில், பள்ளி, திருவிழா என்று பொதுவான வரலாறு தெரியும் படங்களை அந்தப் பகுதியின் நூலகமோ அருங்காட்சியகமோ விரும்பி வாங்கிக்கொள்ளும். ஒப்படைக்கும்போது தெரிந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி இணைத்து, உங்களுக்கு ஒரு ஸ்கேன் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.